பந்தாட்ட உபாத்தியாயர் ரஹீம்

தேசத்துக்கு உழைத்தவர்களின் ஜாபிதாவைத் தயாரிக்கும்போது, சிறை சென்றவர்களையும், மேடையேறிப் பேசியவர்களையும், நூல் எழுதியவர்களையும் நாம் மறவாமல் சேர்த்துக்கொள்கிறோம். ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரை, அதுவும் கால்பந்து சொல்லிக்கொடுத்த ஓர் உபாத்தியாயரை, அதில் சேர்க்க வேண்டும் என்றால் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் ஹைதராபாத் ஜனாப் ஸையத் அப்துல் ரஹீமின் சரித்திரத்தைப் படித்துவிட்டு நகைக்கட்டும்.

ரஹீம் 1909-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அந்நாளில் அது நிஜாமின் தலைநகர். உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றார். படித்த காலத்தில் சர்வகலாசாலைக் கோஷ்டியிலும், பின்னர் உள்ளூரில் பெயர்பெற்ற கமர் கிளப்பிலும் பந்தாடினார். ஆட்டக்காரராக மட்டும் இருந்திருந்தால் அவருடைய பெயர் மூசி நதியைத் தாண்டியிராது. ஜீவனத்துக்காகப் பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தினார். பிறகு தேகப்பயிற்சிப் படிப்பிலும் தேறினார். நம் மதுரைப் பள்ளிகளில் பையன்கள் டிரில் மாஸ்டர் என்று அழைத்து வந்த உத்தியோகம் அது. இதர உபாத்தியாயர்கள் அதை ஒரு படி கீழாகவே மதித்து வந்தார்கள் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

1943-ல் அவர் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியானார். பந்தை எவ்வளவு நேரம் தன் காலடியில் வைத்து வித்தை காட்டுகிறான் என்பதைக் கொண்டே ஆட்டக்காரனை மதிப்பிடுவது அந்நாளைய வழக்கம். ஜனங்கள் கைதட்டினார்கள், கோல் விழவில்லை. ரஹீமுக்கு இது பிடிக்கவில்லை. பந்து ஒருவன் காலில் தங்கலாகாது, வந்ததும் அடுத்தவனிடம் போய்விட வேண்டும் என்பது அவர் கொள்கை. இதைப் பிரசங்கம் செய்து அவர் பொழுது போக்கவில்லை. பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவதையே தடை செய்த பந்தயங்களைச் சிறுவர்களுக்கு ஏற்படுத்தினார். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டிய பந்தயங்களையும் நடத்தினார். சொல்லிப் புரியாததை விதியாக வைத்துப் பழக்குவது நல்ல உபாத்தியாயரின் தந்திரம்.

பலனும் கிடைத்தது. அவர் பயிற்றிய ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டி 1950-ல் டில்லியில் டுராண்ட் கோப்பையை வென்றது. அதே வருஷம் தொடங்கி 1954 வரை, இடைவிடாமல் ஐந்து முறை, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையையும் அடைந்தது. கால்பந்து என்றால் கல்கத்தா என்றிருந்த காலம் அது.

இந்தத் தேதிகளை அரசியல் ஊழியர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். 1948 செப்டம்பரில் இந்தியப் படை நிஜாம் ராஜ்யத்துக்குள் பிரவேசித்தது. அவ்வளவு கசப்பும் ரத்தமும் சிந்திய அந்த மண்ணிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் உபாத்தியாயரிடம், மூன்று வருஷம் முடிவதற்குள் தேசிய கோஷ்டி ஒப்படைக்கப்பட்டது. 1951 மார்ச்சில் டில்லியில் முதலாவது ஆசியப் பந்தயங்கள் நடைபெற்றன. இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரான் தோற்றது. தங்கப் பதக்கம் நம்முடையதாயிற்று.

மறுவருஷமே அந்தப் பெருமை தூளாயிற்று. 1952 ஜூலையில் ஹெல்ஸிங்கியில், இன்று ஸெர்பியா, க்ரோஷியா முதலிய பல தேசங்களாகப் பிரிந்துவிட்ட யுகோஸ்லேவியா, நம்மைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் முறியடித்தது. நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். கோடையில் வைகை மணலிலும், வற்றிய கண்மாய்களின் கரம்பையிலும் பந்து உதைத்து வளர்ந்தவர்களுக்கு வெறுங்காலின் சுகம் தெரியும். பந்து காலோடு பேசும். 1948-ல் லண்டனில் பெரும்பாலும் வெறுங்காலோடு இறங்கிய நமது கோஷ்டி பிரான்ஸிடம் இரண்டுக்கு ஒன்று என்றுதான் தோற்றது. அதிலிருந்து, பூட்ஸ் தரிப்பது வெள்ளையனின் வழக்கம், நமக்கு அது வேண்டியதில்லை என்ற ஓர் அசட்டு அபிமானமும் கிளம்பியிருந்தது. பின்லாந்தின் குளிரும் ஈரப் புல்லும் அந்த அபிமானத்தைக் கேட்கவில்லை. சுதேசியத்தில் நமக்குள்ள பற்று யாருக்கும் குறைந்ததன்று. ஆயினும் வழுக்கும் தரையில் வெறுங்காலோடு நிற்பது சுதேசியமாகாது என்றே சொல்வோம்.

அந்தத் தோல்விக்குப் பிறகு கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. காலுக்குத் தோல் மாட்டிவிட்டால் மட்டும் ஆட்டம் வந்துவிடாது என்பதை ரஹீம் உணர்ந்திருந்தார். ஐரோப்பியர் மைதானத்தில் எப்படிப் பரவி நிற்கிறார்கள், எப்படி இடம் மாறுகிறார்கள் என்பதை ஆராய்ந்தார். பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னணியில் நால்வர் என்ற அணிவகுப்பை நம்மவர்களுக்குப் பழக்கினார். 1958-ல் பிரேஸில் உலகக் கோப்பையை வென்ற பிறகே இந்த முறை உலகெங்கும் பிரசித்தியடைந்தது.

1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதன் பயன் தெரிந்தது. ஹங்கேரி வராமற் போனதால் முதல் சுற்றை ஆடாமலே கடந்தோம். அடுத்து ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே நாலுக்கு இரண்டு என்று வென்றோம். நெவில் டிஸூஸா மட்டும் மூன்று கோல் அடித்தார். ஆசியாக் கண்டத்திலிருந்து ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் தேசம் இந்தியாதான். அரையிறுதியில் எதிரே நின்றது மறுபடியும் யுகோஸ்லேவியா. முதல் கோலை அடித்தது நாம். சில நிமிஷங்கள் ஹெல்ஸிங்கிக்குப் பழி தீர்ந்துவிட்டதென்றே தோன்றியது. பிறகு அவர்கள் நாலு கோல் பெற்று நாலுக்கு ஒன்று என ஜயித்தார்கள். அந்தப் பந்தயங்களில் அதிகக் கோல் அடித்த மூவரில் நமது டிஸூஸாவும் ஒருவர், யுகோஸ்லேவியரான டோடோர் வெஸெலினோவிச் என்ற ஸெர்பியரும் ஒருவர், ஆளுக்கு நாலு. அந்த ஸெர்பியர் பின்னாளில் பயிற்சியாளராகி, 1984-ல் தம் தேசத்தை ஐரோப்பியப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். மூன்றாவது ஸ்தானத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்றோம். ஒரே ஓர் ஆட்டத்தில் ஜயித்துப் பெற்ற நாலாவது ஸ்தானந்தானே என்று குறை கூறுவோர் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் பத்துக் கோல் வாங்கிய கோஷ்டி நாலே வருஷத்தில் அதே எதிரியை முந்திக் கோல் அடித்ததென்பதும் கணக்குதான்.

1960-ல் ரோமாபுரியில் பிரான்ஸுடன் சரிசமமாக ஆடியும், ஹங்கேரியிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றும், முதல் சுற்றோடு திரும்பினார்கள். அந்தக் கோஷ்டியில் ரஹீமின் புதல்வர் ஹக்கீமும் இருந்தார். தகப்பனார் அவரை ஓர் ஆட்டத்திலும் இறக்கவில்லை. இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

1962 ஆகஸ்டில் ஜக்கார்த்தாவில் ஆசியப் பந்தயங்கள் கூடின. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷிய சர்க்கார் வரவிடாமற் செய்ததை இந்தியரான ஸ்ரீ ஸோந்தி கண்டித்தார். அதனால் நகரமே நமக்கு விரோதமாகப் பொங்கியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. ஆட்டமோ தோல்வியோடு ஆரம்பித்தது: தென் கொரியா இரண்டு கோல் போட்டது, நாம் ஒன்றும் போடவில்லை. தாய்லாந்தை நாலுக்கு ஒன்று என்று வென்ற ஆட்டத்தில் பின்னணியின் தூணான ஜர்னயில் சிங்கின் தலை பிளந்து தையல் போட நேர்ந்தது. பிறகு ஜப்பானையும் இரண்டு கோலால் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள்.

இங்கேதான் உபாத்தியாயரின் மூளை வேலை செய்தது. கட்டுப்போட்ட தலையோடு பின்னணியில் நின்று பந்தைத் தடுப்பது ஜர்னயிலுக்கு ஆகாது. வேறொருவராயின் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்னணியின் நடுவில் நிறுத்தினார். கல்லூரி நாளில் அவர் அந்த ஸ்தானத்தில் ஆடியதுண்டு. தென் வியத்நாமை மூன்றுக்கு இரண்டு என்று வென்ற அரையிறுதியில் ஜர்னயில் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4-ந் தேதி ஸெனயான் மைதானத்தில் இறுதி ஆட்டம். சுமார் ஒரு லக்ஷம் ஜனங்கள். நமது தேசிய கீதத்தின்போதுகூடக் கூச்சல் ஓயவில்லை. அவ்வளவு பெரிய கூட்டத்தில் நமக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி கோஷ்டியார் என்று ஆடியவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். முந்தின இரவு ரஹீம் தம் பிள்ளைகளை அழைத்து, தமக்கு ஒரு வெகுமதி வேண்டும், நாளைக்குத் தங்கப் பதக்கத்தைத் தரவேண்டும் என்று கேட்டாராம். எதிரே அதே தென் கொரியா. முதல் இருபது நிமிஷத்துக்குள் பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னயில் ஒரு கோலும் அடித்தார்கள். கோல் காத்தவர் வெல்லிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டில் பேரெடுத்த பீட்டர் தங்கராஜ். கடைசி நிமிஷங்களில் கொரியர் ஒரு கோல் திருப்பினார்கள், அதற்குமேல் இயலவில்லை. தலைவர் சுனி கோஸ்வாமியின் கோஷ்டி தங்கத்தோடு திரும்பியது.

அப்பொழுதே புற்றுநோய் ரஹீமின் உடலை அரித்துக்கொண்டிருந்தது. ஊர் திரும்பிய சில மாதங்களில் படுக்கையில் விழுந்தார். 1963 ஜூன் 11-ந் தேதி காலமானார்; வயது ஐம்பத்துமூன்று. பயிற்சி அளிப்போரைக் கௌரவிக்கும் துரோணாச்சாரியார் விருது 1985-ல்தான் ஏற்பட்டது. அவருடைய கதையை ஒரு ஹிந்திப் படமாக ஜனங்கள் கண்டது 2024-ல்.

ரோமாபுரிக்குப் பிறகு இந்தியக் கால்பந்துக் கோஷ்டி ஒலிம்பிக் மைதானத்தில் கால் வைக்கவில்லை. ஆசியப் பந்தயங்களில் 1970-ல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. அந்தக் கோஷ்டியைப் பயிற்றியவர்களில் ஒருவர் பி. கே. பானர்ஜி, ஜக்கார்த்தாவில் ரஹீமுக்காக முதல் கோலை அடித்தவர். அதன்பின் இந்த ஆட்டத்தில் அங்கே நமக்கு ஒரு பதக்கமும் வரவில்லை.