ஒரு ரூபாய்க் கணக்கரும் உயர் நீதிமன்ற ஆசனமும்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும்போது மாணவர் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு. பாண்டியன் ஏன் கோவலனை அழைத்து விசாரிக்கவில்லை என்பதே அது. பொற்கொல்லன் சொல்லை நம்பி ஆணை பிறந்தது, ஆணை நிறைவேறியது, அதன் பின்னரே கண்ணகி அரண்மனை வாயிலை அடைந்தாள். அவள் சிலம்பை உடைத்துக் காட்டிய சான்று மறுக்க இயலாதது. ஆயினும் அது காலம் கடந்து வந்த சான்று. இன்றைய சட்ட வழக்கிற் கூறின், கண்ணகியினது மேல்முறையீடு. தண்டனை நிறைவேறிய பின் கேட்கப்பட்ட மேல்முறையீடு. முதல் தீர்ப்புப் பிழையாகலாம். அப்பிழையைத் திருத்த மேலே மற்றொரு மன்றம் வேண்டும் என்னும் எண்ணம் எத்துணை இன்றியமையாதது என்பதை அக்காப்பியத்தைவிட அழுத்தமாக உணர்த்தும் நூல் நம்மிடம் இல்லை எனலாம்.

அத்தகைய மேல்மன்றமாகிய சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்த முதல் இந்தியர் சர் திருவாரூர் முத்துசாமி ஐயர் (1832-1895). தெருவிளக்கின் அடியில் அமர்ந்து படித்து நீதிபதியானவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்க்குச் சொல்லப்படுபவர் அவர். கதை நல்லதே. எனினும் அது விளக்கை மட்டும் காட்டிவிட்டு, அவர் ஏறிய படிகளை இருளில் விட்டுவிடுகிறது. அப்படிகளை ஒன்றொன்றாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவாரூரில்

முத்துசாமி 1832 ஜனவரி 28 ஆம் நாள் தஞ்சைத் தரணியில் உச்சுவாடி என்னும் சிற்றூரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் இளமையிலேயே காலமாகிவிட, தாயார் தம் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு திருவாரூருக்குக் குடிபெயர்ந்தார். கன்றை இழந்த பசுவின் முறையீட்டுக்காகத் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் ஊர் அது. பெரிய புராணம் விரித்துரைக்கும் அவ்வரலாற்றைக் கல்தேர்ச் சிற்பமாக இன்றும் அவ்வூரிற் காணலாம். அரசன் மகனும் அறத்துக்கு முன் ஒரு குடிமகனே என்னும் பாடம், அங்கு வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குச் செல்லுமுன்பே கிட்டிவிடும்.

தமிழும் எண்ணும் கற்ற சிறுவன், கிராமக் கணக்கரிடம் உதவியாளாக அமர்ந்தான். மாத ஊதியம் 1 ரூபாய். இச்சிறு வேலையை நாம் எளிதாகக் கடந்து செல்லுதல் ஆகாது. எந்த நிலம் எவர் பெயரில் உள்ளது, எவ்வளவு விளைந்தது, எவர் எவ்வளவு வரி செலுத்தினார், எவர் நிலுவை வைத்தார் என்பன அனைத்தையும் எழுதுவது கணக்கர் கை. அவர் எழுதியதே ஊருக்குச் சான்று. பின்னாளில் வழக்கு எழுந்தால் நீதிமன்றத்துக்கும் அதுவே சான்று. அதில் ஓர் எண் மாறின் ஒரு குடும்பம் நிலமிழக்கும். அவ்வெழுத்து எங்ஙனம் உருவாகிறது, எங்கே பிழை நுழையும், எங்கே வேண்டுமென்றே நுழைக்கப்படும் என்பதை அருகிலிருந்து கண்டவர் முத்துசாமி. இந்நாளில் அவர் தாயாரையும் இழந்தார்.

அவரைக் கண்டெடுத்தவர் முத்துசாமி நாயக்கர் என்னும் தாசில்தார். ஆற்றின் கரையொன்று உடைந்த செய்தி வந்தபோது, அலுவலகத்தில் வேறெவரும் இல்லாமையால் இச்சிறுவனையே பார்த்து வர அனுப்பினாராம். உடைப்பின் அளவு, அடைப்பதற்கு வேண்டும் பொருள்கள் என யாவற்றையும் கணக்கிட்டுக் கொண்டுவந்து ஒப்புவித்தான் சிறுவன் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். தாசில்தார் வியந்ததோடு நில்லாமல் அவரைப் படிக்க வைத்தார். நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியில் சில காலம். பின்னர்த் தம் உறவினச் சிறுவனுக்குத் துணையாகச் சென்னைக்கு.

சென்னையில் அவர் பயின்ற உயர்நிலைப் பள்ளியே பின்னர் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் தலைவர் ஈ. பி. பவல் இம்மாணவரிடம் தனி அன்பு காட்டினார். 1854 இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியொன்றில் முத்துசாமி 500 ரூபாய்ப் பரிசு பெற்றார். மாதம் 1 ரூபாய் பெற்ற பழைய வேலையில் அத்தொகையை ஈட்ட 41 ஆண்டுகளும் 8 மாதங்களும் ஆகியிருக்கும்.

படிகள்

இதன் பின் அவர் வகித்த பதவிகளை நோக்கின், அக்காலத்து ஆட்சியின் எல்லா அறைகளிலும் அவர் நடந்து வந்தமை புலனாகும். ஆசிரியப் பணி, தஞ்சை ஆட்சியர் அலுவலகத்தில் ஆவணக் காப்பாளர் பணி, பள்ளிகளின் துணை ஆய்வாளர் பணி எனத் தொடங்கினார். வழக்குரைஞர்க்கான தேர்வை அரசு ஏற்படுத்தியபோது அதனை எழுதி முதன்மையாகத் தேறினார். அதன் பயனாகத் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார்.

தரங்கம்பாடி முன்சீப் என்றவுடன் தமிழ் பயின்றோர்க்கு மற்றொருவர் நினைவுக்கு வருவார். தமிழின் முதல் நாவலைத் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் அவ்வூரில் முன்சீப்பாக இருந்தவரே. சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து 1862 இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் தமிழில் வெளியிட்டவர் அவர். மேல்மன்றம் கூறுவது கீழே நிற்கும் குடியானவனுக்கு விளங்க வேண்டும் என்பது வேதநாயகரின் கவலை. கீழே நிற்பவன் கூறியது மேல்மன்றத்துக்குச் சரியாகச் சென்று சேர வேண்டும் என்பது முத்துசாமியின் வாழ்க்கைப் பணியாயிற்று. ஒரே ஊரின் நீதி ஆசனத்தில் அமர்ந்த இருவரும் ஒரே பாலத்தை இருமுனையிலிருந்து கட்டினர் எனலாம்.

1859 இல் முத்துசாமி ஐயர் தஞ்சையில் துணை ஆட்சியரானார். இனாம் நிலங்களின் உரிமையை ஆராய்ந்த ஆணையத்தின் பணியிலும் ஈடுபட்டார். 1865 இல் தென் கன்னட மாவட்டத்துச் சார்பு நீதிபதியாக மங்களூர் சென்றார். மொழியும் வாரிசு வழக்கமும் வேறுபட்ட நாடு அது. ஆங்கே மருமக்கள் தாயம் போன்ற அளியசந்தான முறையில் சொத்துரிமை பெண்வழிச் செல்வதை நேரிற் கண்டார். 1868 இல் சென்னையில் காவல் துறை நடுவராக அமர்ந்தார். பதவியில் இருந்துகொண்டே சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எல். தேர்வெழுதி முதல் வகுப்பில் தேறினார். நீதி வழங்கும் நாற்காலியில் அமர்ந்தவர் மாணவரோடு மாணவராகத் தேர்வு எழுதியமை அவர்தம் கல்வி வேட்கைக்குச் சான்றாகும்.

இந்நாளில் நிகழ்ந்ததாக ஒரு வழக்கு குறிக்கப்படுகிறது. உயர் நீதிமன்ற நீதிபதியாகிய ஆங்கிலேயர் ஒருவர் தம்மை அடித்துவிட்டதாக இந்தியர் ஒருவர் முறையிட்டார். நேரில் வருவதிலிருந்து அவருக்கு விலக்களிக்கலாம் என்று மேலிடத்துக் குறிப்பு வந்தும், முத்துசாமி ஐயர் அவரை அழைத்தே விசாரித்து 3 ரூபாய் தண்டம் விதித்தார். தொகை சிறிது. ஆனால் ஆளும் இனத்தைச் சேர்ந்த மேல்மன்ற நீதிபதி, கீழ்மன்றத்தில் ஓர் இந்தியர் முன் நின்றார் என்பது சிறிதன்று. திருவாரூர்க் கல்தேரின் பாடம் சென்னையிற் செயலாயிற்று.

ஆசனம்

பழைய சுப்ரீம் கோர்ட்டும் சதர் அதாலத்தும் இணைந்து 1862 இல் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. அதன் ஆசனத்தில் இந்தியர் எவரும் அமராமலே ஆண்டுகள் பல கடந்தன. சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த முத்துசாமி ஐயரை 1878 இல் அவ்வாசனத்துக்கு அமர்த்தியபோது, ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் கடுமையாக எதிர்த்தன. இந்தியர் ஒருவருக்கு அத்துணை உயர்ந்த பதவியா என்பதே அவற்றின் சினம்.

அவ்வெதிர்ப்புக்கு விடை கூற நம்மவரிடம் இதழ் இல்லை என்று உணர்ந்த இளைஞர் அறுவர் ஒன்றுகூடினர். ஜி. சுப்பிரமணிய ஐயரும் எம். வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், ஏனைய நால்வர் சட்ட மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 படிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20 ஆம் நாள் அவர்கள் வெளியிட்ட இதழே 'இந்து'. ஒருவரது பதவி உயர்வை ஒட்டி ஓர் இதழே பிறந்தது என்பது இந்திய இதழியல் வரலாற்றில் குறிக்கத்தக்க செய்தி.

எதிர்த்தவர்க்கு முத்துசாமி ஐயர் தாமே விடை எழுதவில்லை. அவர்தம் தீர்ப்புகளே விடையாயின. மேல்முறையீட்டு நீதிபதி பெரும்பாலும் சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை. அவன் குரலைக் கேட்பதில்லை. கீழிருந்து வரும் ஏடுகளே அவருக்குக் கண்ணும் காதும். வயல்வரப்பில் தமிழிற் சொல்லப்பட்டது ஆங்கிலத்தில் மாறி, எழுத்தர் பலர் கைபட்டு மேலே வந்து சேரும். அவ்வேட்டைப் படிப்பதில் முத்துசாமி ஐயருக்கு இருந்த தகுதி உடன் அமர்ந்த ஆங்கிலேய நீதிபதிகளுக்கு வாய்க்க இயலாதது. நிலக்கணக்கு எழுதியவர், ஆவணம் காத்தவர், முன்சீப்பாகச் சாட்சி கேட்டவர், இனாம் உரிமை ஆராய்ந்தவர் ஆகிய எல்லோரும் அவர் ஒருவருள்ளேயே இருந்தனர். இந்து சட்டம் பற்றிய அவர்தம் தீர்ப்புகள் நெடுங்காலம் மேற்கோளாக விளங்கின.

1891 இல் மலபார் மக்களின் திருமண முறைகளை ஆராய அமைந்த ஆணையத்துக்கு அவர் தலைவரானார். மங்களூர் அனுபவம் இங்குத் துணை நின்றிருத்தல் வேண்டும். 1893 இல் சில திங்கள் தலைமை நீதிபதியின் பொறுப்பையும் வகித்தார். அப்பொறுப்பை அங்கு ஏற்ற முதல் இந்தியரும் அவரே. 1895 ஜனவரி 25 ஆம் நாள், தம் 63 ஆவது பிறந்த நாளுக்கு மூன்று நாள் முன்னர், அவர் மறைந்தார். உயர் நீதிமன்றக் கட்டடத்தினுள் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

நம் மண்ணும் அப்படிகளும்

இவ்வரலாறு பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி வாசகர்க்கு அயலானதன்று. முத்துசாமி ஐயர் தஞ்சையிலும் மங்களூரிலும் பணியாற்றிய அதே ஆண்டுகளில், உ. வே. சாமிநாதையர் என்னும் சிறுவர் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அரியலூர்ச் சடகோபையங்கார் அவருக்குத் தமிழ்ச்சுவை காட்டினார். திருவாரூர்ச் சிறுவனுக்கு ஒரு தாசில்தார். உத்தமதானபுரத்துச் சிறுவனுக்கு நம்மூர் ஆசிரியர். அறிவு தானே மலரும் என்பர். மலர்ந்ததைக் கண்டு கைதூக்கிவிடும் ஒருவர் இன்றேல் அது மலர்ந்த இடத்திலேயே வாடும் என்பதை இவ்விரு வாழ்க்கையும் காட்டுகின்றன.

மேல்முறையீடு என்னும் படிக்கட்டும் நம் மண்ணுக்குப் பழக்கமானதே. உடையார்பாளையம் ஜமீன் பற்றிய வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தைக் கடந்து, 1905 இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று முடிந்தது. ஜமீன்தார்க்குக் கடல்கடந்து வழக்காட இயன்றது. அதே ஊரில் அரைக்காணி நிலத்துக்கு வழக்காடியவனுக்கு முன்சீப்பின் வாயிலே எட்டாத தொலைவு.

படிகள் எல்லோருக்கும் ஒன்றுபோல் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைத்தல் அறமாகாது. முத்துசாமி வறுமையிற் பிறந்தார். எனினும் கணக்கர் வீட்டுத் திண்ணையில் அமரவும், பள்ளிக்குள் நுழையவும் அவர் பிறந்த குலம் தடையாகவில்லை. அதே ஆண்டில் அதே திருவாரூரின் சேரியிற் பிறந்த சிறுவனுக்கு அவ்வளவே அறிவு இருந்திருப்பினும் திண்ணை கிட்டியிராது. பெண்களுக்கோ வழக்குரைஞர் தொழிலே 1923 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்தான் ஐயமறத் திறந்தது. இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் பெண்மணி அன்னா சாண்டி கேரளத்தில் அவ்வாசனம் ஏறியது 1959 இல். தாழ்த்தப்பட்ட சமூகத்திற் பிறந்த ஆ. வரதராஜன் 1949 இல் மாவட்ட முன்சீப்பாகத் தொடங்கி, முத்துசாமி ஐயர் ஏறிய அதே படிகளில் ஏறி, 1973 இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1980 இல் உச்ச நீதிமன்றத்தையும் அடைந்தார். 1878 இல் திறந்த கதவு இவர்க்குத் திறக்க 95 ஆண்டுகள் ஆயின. முத்துசாமி ஐயரின் பெருமையை இது குறைக்காது. திறமையைப் பாராட்டும்போது கதவையும் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

மொழியின் நிலையும் எண்ணத்தக்கது. கீழ் நீதிமன்றங்களில் தமிழ் இடம்பெற 1976 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிசெய்தது. உயர் நீதிமன்றத்தின் மொழியோ இன்றும் ஆங்கிலமே. செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ ஓர் உழவர் தம் வரப்பைப் பற்றிச் சொல்லும் சொல், மேலே செல்லும்போது வேற்று மொழியிலேயே செல்கிறது. அவ்வேட்டைப் படிக்க அமர்பவருக்கு வரப்பும் தெரிந்திருத்தல் வேண்டும். உழவரின் தமிழும் தெரிந்திருத்தல் வேண்டும்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்கும் சிலை உண்டு. திருவாரூர் அரசனும் திருவாரூர்க் கணக்கனும் ஒரே வளாகத்தில் இடம் பெற்றுள்ளனர். அரசனுக்கு ஆசனம் பிறப்பால் வந்தது. கணக்கனோ தாசில்தாரின் பரிவாலும், ஆசிரியரின் அன்பாலும், தேர்வின் நேர்மையாலும், அயராத தன் உழைப்பாலும் அங்குச் சென்று சேர்ந்தான். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தார் நம் சிற்றூர்ப் பள்ளிகளில் தமிழும் எண்ணும் கற்கும் பிள்ளைகளை நோக்கும்போது, கரை உடைந்த இடத்துக்குத் தனியே அனுப்பத்தக்க பிள்ளை அவர்களுள் எது என்று தேடிப் பார்த்தல் நலம். அத்தகைய பிள்ளை இங்கும் இருப்பது உறுதி.