அலைகளுக்குச் செவி தந்தவர்

காவல் நிலையத்து மேசையிலும் தீயணைப்பு ஊர்தியின் முன்னிருக்கை ஓரத்திலும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த கம்பியில்லாக் கருவியை ஒரு தலைமுறையினர் நன்கறிவர். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையிலும் விபத்தோ தீயோ புயல் எச்சரிக்கையோ முதலில் அந்த இரைச்சலுக்குள்தான் கேட்டது. அணுபுரம் போன்ற நகரியங்களின் இன்றைய மாணவர்களுக்குக் கைபேசியே எல்லாமாகிவிட்டது. எனினும் அப்பழைய கருவிகளைத் தேடிப் பிடித்துப் பழுது நீக்கிப் போற்றுவோர் உலகெங்கும் உள்ளனர். அக்கருவிகள் பேசியதைவிடக் கேட்டுக் காத்திருந்த நேரமே மிகுதி. மின்காந்த அலையைக் கேட்கும் கருவியைச் செம்மைப்படுத்தியோருள் முன்வரிசையில் நிற்பவர் ஓர் இந்தியர். அவரே ஜகதீஷ் சந்திர போஸ்.

இவர் 1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலர். அதிகாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குச் சென்ற காலத்தில் அவர் தம் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கு அனுப்பினார். அங்கே சிறுவன் ஜகதீஷின் ஒருபுறம் தந்தையின் பணியாளர் மகனும் மறுபுறம் மீனவர் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளை அவர் வியப்போடு கேட்டு வளர்ந்தார். இயற்கையை ஆராயும் ஆர்வம் அங்கேயே அரும்பியது எனப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார்.

கொல்கத்தாவில் பயின்று இங்கிலாந்து சென்ற அவர், உடல்நலக் குறைவால் மருத்துவப் படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்றார். 1885ஆம் ஆண்டு கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். அங்கே ஆங்கிலேயர் பெற்றதைவிடக் குறைந்த ஊதியமே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸ் அதனை எதிர்த்தார். ஆனால் பணியை நிறுத்தவில்லை. மூன்று ஆண்டுகள் ஊதியத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். வீட்டில் கடன் சுமை இருந்த நேரம் அது. இறுதியில் நிருவாகம் பணிந்து முழு ஊதியத்தையும் நிலுவையோடு வழங்கியது.

ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு சிற்றறை. துணைக்கு, அறிவியல் பயிற்சி இல்லாத ஒரு தகரக் கொல்லர். அச்சூழலில் அவர் செய்ததை அறிய அன்றைய கேட்கும் கருவியின் குறையை அறிதல் வேண்டும். கண்ணாடிக் குழாயில் உலோகத்தூளை இட்டு வைப்பர். அலை வந்து மோதியதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தைக் கடத்தும். அத்துடன் அது செயலற்றுப்போகும். சிறு சுத்தியலால் தட்டித் தூளை உதிர்த்தால்தான் அடுத்த குறியை உணரும். ஒவ்வொரு சொல்லைக் கேட்டதும் செவிடாகி, யாரேனும் தோளைத் தட்டினால் மீண்டும் கேட்கும் மனிதரிடம் அவசரச் செய்தியை எப்படிச் சொல்வது? போஸ் தூளை நீக்கிச் சிறு எஃகுச் சுருள்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் அழுத்தத்தைத் திருகால் சீராக்கினார். பின்னர் இரும்பையும் பாதரசத்தையும் கொண்டு, தட்டாமலே தானாக மீளும் கருவியை உருவாக்கி, 1899இல் இலண்டன் இராயல் கழகத்துக்கு ஆய்வுரையாக அளித்தார்.

இதற்கு முன்பே, 1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில் சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்து காட்டியிருந்தார். அவர் கையாண்ட அலைகளுள் சில, ஐந்து மில்லிமீட்டர் அளவே நீளமுடையவை.

1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த குறியைக் கேட்டதாக அறிவித்தார். அப்போது அவர் பயன்படுத்தியதும் பாதரசக் கருவியே. அது போஸின் வடிவமைப்பிலிருந்து வந்தது என 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை சான்றுகளுடன் வாதிட்டது. போஸ் உரிமை கோரவில்லை. இலண்டனில் தந்தி நிறுவன முதலாளி ஒருவர் காப்புரிமைப் படிவத்தோடு வந்தபோதும் அவர் இணங்கவில்லை; அச்செய்தியை நண்பர் தாகூருக்கு எழுதினார். அமெரிக்க நண்பர் சாரா புல்லின் வற்புறுத்தலால், கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தைக் கொண்ட கருவிக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதிலும் அவர் பொருள் ஈட்டவில்லை. இது பெருந்தன்மைதான், ஆயினும் உரிமையைப் பதியாதவர் பெயரை வரலாறு எளிதில் மறந்துவிடுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. 1920களில் இல்லந்தோறும் பரவிய படிக வானொலிகளில் கலீனாவே பெரிதும் பயன்பட்டது.

கேட்கும் கருவியின் அருமையை உலகம் உணர்ந்தது 1912 ஏப்ரலில். மூழ்கிக்கொண்டிருந்த டைட்டானிக்கின் அபயக்குரலை, அருகிலிருந்த கலிபோர்னியன் கப்பல் கேட்கவில்லை. அதன் கம்பியில்லாத் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கியிருந்தார். தொலைவிலிருந்த கார்பாத்தியாவின் தந்தியாளரோ உறங்கப்போகும் நேரத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுநூறுக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். கப்பல்களில் இடையறாது கேட்டிருக்கும் கடமையை வகுக்கும் பன்னாட்டு உடன்பாடு 1914இல் உருவாயிற்று. இன்றும் நடுக்கடலில் உதவி கோரும் படகுகளுக்கென அதி உயர் அலைவெண்ணில் 16ஆம் தடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

அதற்குள் போஸ் தாவரங்களின் துடிப்பை ஆராயத் திரும்பியிருந்தார். 1917இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். 1920இல் இராயல் கழக உறுப்பினரானார். 1937 ஜூலையில் மார்க்கோனி மறைந்தபோது பல நாட்டு வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலியடங்கி அஞ்சலி செலுத்தின. நான்கு மாதங்கள் கழித்து, நவம்பர் 23 அன்று, கிரிடியில் போஸ் காலமானார். அவர் தம் கையால் அமைத்த கருவிகள் கொல்கத்தாவில் அந்நிறுவனத்தின் காட்சியகத்தில் இருக்கின்றன.