கொன்கோட் ஆற்றங்கரையில் ஒரு வங்கித் தலைவர்

லிட்கம் புகையிரத நிலையத்தைச் சுற்றி வாழும் எம்மவர்க்குக் கொன்கோட் வைத்தியசாலை புதிய இடமன்று. சத்திரசிகிச்சைக்கோ, முதியோரைப் பார்க்கவோ, வேலை முடிந்த களைப்போடு பஸ்ஸில் அங்கு போய் வந்தோர் பலர். அந்த வைத்தியசாலைக்கு அருகே, பரமட்டா ஆற்றை ஒட்டிப் பழைய மரங்கள் அடர்ந்த யரல்லா என்னும் தோட்டம் உண்டு. சற்று வடக்கே, கோபுரத்துடன் கூடிய செங்கற் கட்டிடம் ஒன்று ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. இவ்விரண்டும் ஒரே மனிதரின் பெயரோடு தொடர்புடையவை. அவர் தோமஸ் வோக்கர். நியூ சவுத் வேல்ஸ் வங்கியின் தலைவராக இருந்து 1886ஆம் ஆண்டு மறைந்தவர்.

வோக்கர் 1804ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் லீத் துறைமுகத்திற் பிறந்தார். பதினெட்டு வயதளவில், 1822இல், சிட்னிக்குக் கப்பலேறினார். அகதியாக வந்தவரல்லர். வணிகஞ் செய்துகொண்டிருந்த சிறிய தந்தையின் நிறுவனம் கதவைத் திறந்து வைத்திருந்தது. வந்த மறுநாளே உறவினர் வீட்டு மேசையில் அமர்ந்து கணக்கெழுதும் வசதி எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. இதை இங்கு குறிப்பிடக் காரணமுண்டு. வெறுங்கையோடு வந்து உழைப்பால் உயர்ந்த பெரியார் என்று செல்வந்தர் எல்லோரையும் எழுதிவிடும் வழக்கம் எம்மிடமும் இருக்கிறது. இவருடைய கை வெறுங்கையன்று.

ஆனால் அந்தக் கை சோம்பியிருக்கவுமில்லை. 1837இல் சிட்னியிலிருந்து தெற்கே, இன்றைய மெல்பேர்ன் உள்ள போர்ட் பிலிப் பகுதிவரை குதிரையிற் பயணஞ் செய்தார். கண்டவற்றைத் தம் பெயரிடாமல் அடுத்த ஆண்டு சிறு நூலாக வெளியிட்டார். அக்காலத்தில் மெல்பேர்ன் என்பது சில குடிசைகளும் சேற்றுத் தெருக்களும் மட்டுமே. அங்கு பெருமளவு நிலம் வாங்கினார். 1843இல் அப்பகுதியின் பிரதிநிதியாகச் சட்டசபைக்கும் தெரிவானார். விக்டோரியா தனி மாநிலமாகப் பிரியாத காலம் அது. ஆடு மேய்ப்போருக்குக் கடன் கொடுத்தல், நிலம் வாங்கி விற்றல், கம்பளி வணிகம் ஆகிய மூன்றும் அவருடைய செல்வத்தின் ஊற்றுக்கள். அந்த நிலங்களில் அவருக்கு முன் வாழ்ந்த ஆதிவாசிகளுக்கு அந்த விற்பனைகளில் ஒரு சதமும் சேரவில்லை. தம் ஊரையும் காணியையும் இழந்து இங்கு வந்து சேர்ந்த நாம் இதைக் கண்டும் காணாமல் எழுதிச் செல்வது தகாது.

1840களின் தொடக்கத்தில் கம்பளி விலை வீழ்ந்தது. கடன் வாங்கியவர்கள் நொடித்தார்கள். 1843இல் அவுஸ்திரேலிய வங்கி என்ற பெயருடைய வங்கியே நொடித்தது. வோக்கர் தப்பினார். கடன் கொடுப்பதில் நிதானம் வேண்டும் என்ற பாடம் அப்போதே அவருள் இறங்கியிருக்க வேண்டும்.

அவர் பின்னர் தலைமையேற்ற வங்கியோ இந்நாட்டின் முதல் வங்கி. 1817 ஏப்பிரலில் சிட்னியில் மக்குவாறி ஆளுநரின் ஆதரவுடன் திறக்கப்பட்டது. ஜெரமையா மர்பி என்ற படைச் சார்ஜன்ற் 50 பவுண் வைப்பிலிட்டு அதன் முதல் வாடிக்கையாளரானார். 1982இல் அந்த வங்கி மெல்பேர்ன் நகரின் கொமர்ஷல் வங்கியோடு இணைந்து வெஸ்ற்பக் என்று பெயர் மாறியது. அடையாளப் பத்திரங்களைக் காட்டி நூறு புள்ளிகளைச் சேர்த்துக் கணக்குத் திறக்க எம்மவர் பட்ட பாட்டை நினைத்தால், அந்தச் சார்ஜன்றின் மேற் சிறிது பொறாமை வருகிறது.

வோக்கர் தம் ஐம்பத்தாறாவது வயதில், 1860இல், ஜேன் ஹாற் என்பவரை மணந்தார். மறு ஆண்டு எடித் என்ற ஒரே மகள் பிறந்தாள். 1870இல் மனைவி இறந்தார். ஒன்பது வயதுக் குழந்தையை வோக்கரின் சகோதரி ஜோனா வளர்த்தார். பெரிய வீடு, பரந்த தோட்டம், ஆற்றங்கரை, அதில் வயதான தந்தையும் தாயற்ற மகளும். யரல்லா மாளிகையின் கதை இதுதான்.

கொடைக்கு வருவோம். அக்காலத்தில் வங்கிக்கென்று ஒரு தரும நிதி இருக்கவில்லை. இன்று வங்கிகள் செய்வதுபோல் ஆளுயரக் காசோலையைப் பிடித்துப் படமெடுக்கும் வழக்கமுமில்லை. வங்கியின் இலாபம் பங்காளர்களுக்குப் போகும். அவர்களுள் மனமுள்ளவர் தம் கையிலிருந்து கொடுப்பர். வோக்கர் அவ்வகையைச் சேர்ந்தவர். சிட்னிப் பல்கலைக்கழகத்தில் வசதியற்ற மாணவர் கற்க உதவித்தொகை நிறுவினார். 1882இல் கடல்கடந்து செல்லுமுன் 10,000 பவுணைத் தரும காரியங்களுக்குப் பங்கிட ஒழுங்குசெய்தார். விளம்பரத்தை விரும்பாதவர் என்பதிற் சமகாலத்தவர்க்குள் வேறு கருத்தில்லை.

1886 செப்ரெம்பரில் அவர் யரல்லாவில் மறைந்தபோது மரணசாசனத்தில் ஒரு பெருந்தொகை காணப்பட்டது. உடல் தேறுவோருக்கு ஒரு வைத்தியசாலை அமைக்க 100,000 பவுண். இந்நோக்கம் சிறிது விளக்கம் வேண்டுவது. வைத்தியசாலையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும்போது நோய் போயிருக்கும், பலம் வந்திராது. வசதியுள்ளவர் ஓய்வெடுப்பார். நாட்கூலிக்கு வேலைசெய்பவர் என் செய்வார்? புண் ஆறுமுன்பே மூட்டையைத் தூக்குவார்; மீண்டும் படுக்கையில் விழுவார். லிட்கம், ஒபேர்ண் பகுதித் தொழிற்சாலைகளில் இரவு நேர வேலைக்குப் போகும் எம் இளைஞரிடம் கேட்டுப் பாருங்கள். தற்காலிக விசாவில் இருப்பவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்பது பெரும்பாலும் கதையிற் கேட்டது. சத்திரசிகிச்சை முடிந்த அதே கிழமையில் வேலைக்குத் திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு நான்கு கிழமை படுக்கையும் உணவும் கட்டணமின்றித் தருவார் யாருமில்லை. வோக்கர் கண்டது இந்த இடைவெளியைத்தான். நோயாளிக்கு மருந்து கொடுக்க நினைத்தவர் பலர். மருந்து முடிந்த பின் உள்ள நாட்களை நினைத்தவர் அரிது.

கட்டிடக் கலைஞர் ஜோன் சல்மன் கட்டிய அந்த வைத்தியசாலை 1893இல் திறக்கப்பட்டது. ஒதுக்கிய பணம் போதாதபோது மகளும் குடும்பத்தாரும் சேர்த்துக் கொடுத்தனர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், இசைநிகழ்ச்சிக்கு ஒரு மண்டபம், ஆற்று வழியே படகில் வருவோர் இறங்க ஒரு நீர்வாயில். சிகிச்சை முடிந்து வந்த ஏழைகள் கட்டணமின்றித் தங்கினர்.

அந்த 1893ஆம் ஆண்டைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏப்பிரல், மே மாதங்களில் அவுஸ்திரேலிய வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. சேமிப்பை வைத்தவர்கள் வாசலில் நின்று அழுதனர். ஏப்பிரல் தொடக்கத்திற் கதவடைத்துப் பெரும் பீதியைக் கிளப்பியது மெல்பேர்னின் கொமர்ஷல் வங்கி. மேலே 1982இல் இணைந்ததாகச் சொன்ன அதே வங்கிதான். நியூ சவுத் வேல்ஸ் வங்கி கதவடைக்கவில்லை. ஒரு வங்கி தன் ஊருக்குச் செய்யும் முதல் தருமம் ஊராரின் பணத்தைத் தொலைக்காதிருப்பது என்றே எனக்குத் தோன்றுகிறது. மற்றக் கொடைகளெல்லாம் அதற்குப் பின்.

அதே 1893இல், எமது லிட்கம்மில், அப்போது றூக்வூட் என்று அழைக்கப்பட்ட ஊரில், வயோதிபரும் ஆதரவற்றோருமான ஆண்களுக்கு அரசாங்கம் ஒரு புகலிடம் திறந்தது. உடல் தேறக்கூடியவர் கொன்கோட் ஆற்றங்கரைக்குப் போனார். தேற வழியில்லாத வறியவர் இங்கு வந்தார். அதன் பின் பக்கத்திலேயே இருந்த பெரிய இடுகாடு. அந்த இடுகாட்டின் பெயர் ஒட்டியிருந்ததாற்றான் ஊரவர் பெயரை மாற்ற விரும்பி, லிட்பரி, லார்கம் என்ற இரு நகரபிதாக்களின் பெயர்களைச் சேர்த்து 1914இல் லிட்கம் என்று வைத்தனர். அந்தப் புகலிடம் பின்னர் லிட்கம் வைத்தியசாலையாகி 1995இல் மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்கு வந்த பத்திரிகையாளர்கள் அவ்வளவிலேயே தங்கவைக்கப்பட்டனர்.

மகள் எடித் மணஞ்செய்யவில்லை. தந்தையின் செல்வத்தைக் காத்ததிலும் கொடுத்ததிலும் அவர் தந்தையை மிஞ்சினார் எனலாம். முதலாம் உலகப் போரிலிருந்து காசநோயுடன் திரும்பிய படைவீரர்கள் யரல்லாத் தோட்டத்திலேயே கூடாரமிட்டுத் தங்க இடங்கொடுத்தார். அந்நோயாளியைத் தெருவில் கண்டால் மக்கள் விலகிப்போன காலம் அது. 1928இல் டேம் என்னும் அரச பட்டம் பெற்றார். 1937இல் மறைந்தார். அதன்பின் யரல்லாவும் உடல் தேறுவோர் இல்லமாக்கப்பட்டது.

வங்கியின் கொடைமுறை மாறிவிட்டது. 1973 முதல் கடற்கரையில் ஆபத்திலுள்ளோரை மீட்கும் ஹெலிகொப்ரர் சேவைக்கு அது பணங்கொடுத்தது. 2014இல் வெஸ்ற்பக் 10 கோடி டொலரை ஒதுக்கி ஆண்டுதோறும் நூறு பேருக்கு உதவித்தொகை வழங்கும் நிதியத்தை அறிவித்தது. தொகை பெரிது. அதிற் பெயர் அறியப்படுவது வங்கி; வோக்கர் போன்ற ஒரு தனி மனிதரன்று. எம்மவர் பிள்ளைகள் விண்ணப்பிக்கத் தகுதியுண்டா என்பதைப் பெற்றோர் விசாரித்து வைப்பது நன்று. குடியுரிமை, நிரந்தர வதிவுரிமை என்ற கேள்விகள் இத்தகைய உதவித்தொகைகள் பலவற்றில் முதலில் எழுகின்றன.

வோக்கரின் வைத்தியசாலை 1970களில் தன் பழைய பணியை நிறுத்தியது. பின்னர் மனநலம் குன்றிய இளம் வயதினருக்கான ரிவென்டெல் நிலையமாயிற்று. போய்ப் பார்க்க விரும்புவோர் லிட்கம்மிலிருந்து ஸ்றத்ஃபீல்ட் சென்று, வடக்குப் பாதைப் புகையிரதத்தில் கொன்கோட் மேற்கு நிலையத்தில் இறங்கினால் யரல்லாவுக்கு நடந்துவிடலாம். தோட்டத்தின் பெரும் பகுதி பொதுமக்கள் உலாவத் திறந்திருக்கிறது.