மயில்வாகனன் என்னும் திருநாமம்

மக்கட்பேற்றை இறைவன் அருளும் பேறுகளுள் சிறந்ததாக நம் முன்னோர் போற்றினர். அப்பேற்றினைப் பெற்றார் நெஞ்சு நிலைகலங்கும் வேளை ஒன்று உண்டெனின், அஃது இளங்குழந்தை நோயுற்றுத் தாயின் முகம் அறியாது கிடக்கும் வேளையேயாம். அவ்வேளையிற் செல்வமும் சுற்றமும் துணையாகா. திருவருள் ஒன்றே துணையென்று பற்றி நிற்பதே சைவ நன்மக்களுக்குரிய நெறி. கொல்லிமழவன் தன் மகளைப் பற்றிய முயலகன் என்னும் நோய் எவ்வகை முயற்சியாலும் தீராமை கண்டு, அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலிற் சிவபெருமான் திருமுன்பே கொணர்ந்து கிடத்தினான் என்பதும், அங்கு எழுந்தருளிய ஆளுடைய பிள்ளையார் பதிகம் பாடி அந்நோயை நீக்கினார் என்பதும் பெரிய புராணத்தால் நாம் அறிந்தன. அவ்வழிவந்த அன்புநெறி நம் கிழக்குக் கரையிலும் வாழ்ந்தமைக்குச் சான்றாக ஒரு வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனையையும் சாய்ந்தமருதையும் கடந்து தெற்கே சென்றால் காரைதீவு என்னும் பழம்பதியை அடையலாம். கண்ணகை அம்மன் வழிபாட்டாற் சிறந்தது அவ்வூர். வைகாசித் திங்களில் அம்மனுக்குக் குளிர்த்தி செய்து, வெப்பு நோய்களினின்றும் ஊரைக் காத்தருள வேண்டுதல் இக்கரையோர மக்களின் தொன்மரபு. இத்தகைய பத்தி நிறைந்த ஊரிற் சாமித்தம்பியாரும் கண்ணம்மையாரும் இல்லறம் நடாத்தி வந்தனர். 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் நாள் அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அதற்குத் தம்பிப்பிள்ளை என்று பெயரிட்டனர்.

அக்குழந்தை நோய்வாய்ப்பட்டது. பெற்றோர் கலங்கினர், ஆயினும் கந்தவேளின் திருவடியை மறந்திலர். கதிர்காமத்துறையும் பெருமானையே தஞ்சமென நம்பினர்.

அக்காலத்தே கதிர்காம யாத்திரை எளியதன்று. மட்டக்களப்பு நகருக்கே 1928 ஆம் ஆண்டிலேதான் புகைவண்டி வந்தது. நம் கரையோர அடியார்கள் பொத்துவிலைக் கடந்து, உகந்தை மலையில் முருகனை வணங்கி, கும்புக்கன் ஆற்றைத் தாண்டி, யானையும் கரடியும் திரியும் காட்டு வழியே பல நாள் நடந்து செல்வர். மாணிக்க கங்கையில் நீராடிய பின்னரே சந்நிதியை அணுகுவர். அங்கே மூலமூர்த்தம் கண்ணுக்குப் புலனாவதில்லை. திரைச்சீலையே அடியாருக்குக் காட்சி தருவது. கப்புறாளைமார் வாய்கட்டிப் பூசை புரிவர். தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வணங்கும் அத்தலத்தில் இசுலாமியர் போற்றும் பள்ளிவாயிலும் உண்டு. காணாப் பொருளைக் கண்டதுபோல் நம்பி நிற்றற்கு அதனினும் ஏற்ற சந்நிதி யாதுளது?

அத்தலத்துக்குச் சென்று வழிபட்டுத் திரும்பிய பின்னர்ப் பெற்றோர் தம் மகவுக்கு மயில்வாகனன் என்னும் திருநாமத்தைச் சூட்டினர். நோய் தீர்த்த கடவுளின் பெயரைப் பிள்ளைக்கு இடுதல் நம்மவர் வழக்கம். அதன் உட்கருத்தை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பிள்ளை எம்முடையது என்னும் உரிமை தளர்ந்து, உன்னுடையதை நீ காத்தாய் என்று ஒப்புக்கொள்ளும் அடையாளமே அப்பெயர். வீட்டார் அழைக்குந்தோறும் அவ்வொப்புதல் புதுப்பிக்கப்படுகின்றது.

மயில்வாகனனார் கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிலும் பயின்றார். தமிழும் விஞ்ஞானமும் அவரிடத்தே ஒருங்கு வளர்ந்தன. 1916 ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும், 1920 இல் இலண்டன் பல்கலைக் கழக விஞ்ஞானப் பட்டத் தேர்விலும் தேறினார். மானிப்பாய் இந்துக் கல்லூரித் தலைமை ஆசிரியப் பதவியும் அவரை நாடி வந்தது. உலகியல் நோக்கில் ஒரு குடும்பம் தன் மகனுக்கு விரும்பத்தக்க யாவும் கைவந்த நிலை அது. அந்நிலையிலேயே 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924 ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தர் ஆயினார்.

பிள்ளை பிழைக்க வேண்டும் என்று இரந்த வீட்டாருக்கு, பிழைத்த பிள்ளை இல்லறம் துறத்தல் எளிதில் தாங்கத்தக்கதோ? ஈண்டே நேர்த்தியின் உண்மைப் பொருள் விளங்கும். காணிக்கை கொடுத்து உயிரை வாங்குதல் வாணிகமாகும். உயிர் இறைவனுடைமை என்றுணர்ந்து அவன் பணிக்கு விடுத்தலே வழிபாடாகும். கதிர்வேலன் அளித்த மகவு ஒரு வீட்டின் மகவாக மட்டும் நில்லாது நாட்டின் மகவாயிற்று என்று நாம் துணிகின்றோம்.

அடிகளார் பிற்காலத்துச் செய்த தொண்டில் ஏழைப் பிள்ளைகளே முன்நின்றனர். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929 இல் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. ஆதரவற்ற சிறுவர்க்கு இல்லமும் அமைந்தது. அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலே 1931 முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய காலத்தும், திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக் கழகத்துத் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழர் யாழினைப் பல்லாண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்ச் சந்நிதியில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில், அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

இவ்வரலாற்றை ஓதும் அன்பர்களுள் இன்று நோயுற்ற குழந்தையின் பாயருகே விழித்திருப்பாரும் இருக்கலாம். அவர்க்கு நாம் கூறுவது இது: மருத்துவரை நாடுதலும் திருவருட் செயலேயாம்; மருந்தை மறுத்து நேர்த்தி வைப்பது பத்தியாகாது. திருநீறிட்ட கையாலேயே மருந்தையும் ஊட்டுக. தந்தை தைரியமிழப்பின் தாய் ஐந்தெழுத்தைச் சொல்லுக. தாய் சோர்வுறின் தந்தை சொல்லுக. அயலார் அவ்வீட்டுக்கு உலையரிசியும் உதவியும் கொண்டு செல்லுக. எம்மதத்தார் வீடாயினும் செல்லுக. நோய் தீருமாயின் அக்குழந்தையைப் பிறர்க்குப் பயன்படும் பிள்ளையாய் வளர்த்தலே கடன் தீர்க்கும் வழி. தீராது போயினும், கொடுத்தவன் கையிலேயே ஒப்புவித்தோம் என்னும் உறுதி அன்பர் நெஞ்சைத் தாங்கும். அத்துயருற்றாரைத் தனியே விடாதிருத்தல் நம் போன்ற சபைகளின் கடமை.

கதிர்காமத்து வேலவன் எல்லாக் குழந்தைகளையும் காத்தருள்வானாக.

சிவமயம்.