மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையாரும் அவர் மனைகளும்

நீலகிரியின் வடபால், மாயாறு ஓடும் கானகத்தினிடையே தெப்பக்காடு என்னும் சிற்றூர் அமைந்துளது. ஆங்குள்ள யானை முகாமினால் அதன் பெயர் பலர்க்கும் தெரியும். மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாக வரும் பெருஞ்சாலை இவ்வூரில் இரு கிளையாகப் பிரிகின்றது. ஒன்று கூடலூர் வழியாகவும், மற்றொன்று மசினகுடி வழியாகவும் உதகமண்டலத்திற்கு ஏறுகின்றன. மைசூர் நாட்டினர் கோடைக்காலத்தில் மலைக்குச் செல்ல இதுவே வாயில். இவ்வாயிலைக் கடந்து உதகையை அடைவோர், பெர்ன்ஹில் என்னும் மேட்டின்மீது மைசூர் அரச குடும்பத்தாரின் கோடை மாளிகையைக் காண்பர். சென்னை இராஜதானியைச் சேர்ந்திருந்த மலைமேல் மைசூர் மன்னர்க்கு மனை வந்தது எவ்வாறு என்று நம் மாணவர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்குரிய விடை, அம்மாளிகை வாங்கப்பெற்ற காலத்தில் பத்து வயதுச் சிறுவராயிருந்த ஒருவரது வரலாற்றில் அடங்கியுள்ளது. அவரே சாமராஜேந்திர உடையார்.

அவர் பிறந்த காலத்து மைசூரின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். 1799-இல் திப்பு சுல்தான் மாண்டபின், ஆங்கிலேயர் பழைய உடையார் மரபில் வந்த ஐந்து வயதுக் குழந்தையை அரியணையில் அமர்த்தினர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் என்பார் அவரே. அவர் வளர்ந்து அரசாண்டுவருங்கால், 1831-இல், நாட்டில் கலகம் மூண்டதென்னும் காரணங்காட்டி ஆங்கிலேயர் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அதுமுதல் கமிஷனர்களே நாட்டை நடத்தினர். மன்னர்க்குப் பட்டமும் அரண்மனையும் எஞ்சின; அதிகாரம் எஞ்சவில்லை. இழந்ததை மீட்க அவர் பல்லாண்டு முயன்றார். அரசுரிமைக்கு உரிய மகவு அவர்க்கு இல்லாமையால், 1865-இல் தம் மகளின் புதல்வரைத் தத்தெடுத்துக்கொண்டார். 1863 பிப்ரவரி 22-ஆம் நாள் பிறந்த அக்குழந்தையே நம் கதைத் தலைவர்.

தத்துப்பிள்ளைக்கு நாடு உரித்தாகுமா என்பதே அக்காலத்துப் பெருவழக்கு. டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் சதாரா, நாகபுரி, ஜான்சி முதலிய அரசுகள் மக்கட்பேறின்மையைக் காரணமாகக்கொண்டு கவரப்பட்டமையை யாவரும் அறிவர். மைசூர்க்கும் அக்கதியே நேரும் என்று பலர் அஞ்சினர். எனினும் 1857-ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் ஆங்கிலேயரின் எண்ணம் மாறியிருந்தது. 1867-இல் இங்கிலாந்து அரசாங்கத்தார் தத்தை ஏற்று, சிறுவர் தக்க வயதடைந்தபின் நாட்டை அவரிடம் ஒப்படைப்பதெனத் தீர்மானித்தனர். அடுத்த ஆண்டு முதிய மன்னர் காலஞ்சென்றார். 1868 செப்டம்பர் 23-ஆம் நாள், ஐந்து வயதுச் சிறுவர் அரியணை ஏறினார். பாட்டனும் பேரனும் ஒரே வயதில் முடி புனைந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

இளவரசரின் கல்வியைக் கவனிக்க ஆங்கிலேயப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டனர். அவருள் முக்கியமானவர் கர்னல் மாலீசன் துரை. 1857-ஆம் ஆண்டுக் கலகத்தின் சரித்திரத்தை எழுதிப் பெயர்பெற்றவர். அரச குலத்தைச் சேர்ந்த பிற சிறுவரோடு ஒருங்கிருந்து பயிலும்படி ஒரு பள்ளி ஏற்படுத்தப்பட்டது. ஆட்சியின் தலைமையிடம் பெங்களூரில் இருந்தமையால், இளவரசர் அங்குத் தங்கிப் பயில்வதற்கும் ஒரு மனை வேண்டியதாயிற்று.

அந்நாளில் பெங்களூரில் காரெட் என்னும் பெரியார் ஒருவர் இருந்தார். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த குருவாக இந்நாட்டிற்கு வந்த அவர், கன்னடத்தைக் கற்று அச்சுத்தொழிலை வளர்த்தார். 1849-இல் பகவத் கீதையைக் கன்னட, ஆங்கில மொழிபெயர்ப்புக்களோடு பதிப்பித்தார். 1858-இல் நிறுவப்பெற்றுப் பின்னர்ச் சென்ட்ரல் கலாசாலையாக வளர்ந்த உயர்தரப் பள்ளிக்கு முதல் தலைமையாசிரியராகவும் விளங்கினார். அவர் தமக்கென ஒரு பெரு மனையை எழுப்பத் தொடங்கியிருந்தார். அம்மனையே விலைக்கு வந்தது. 1873-இல், இளவரசரின் சொந்தப் பணத்தினின்று நாற்பதினாயிரம் ரூபாய் கொடுத்துப் பாதுகாவலர் அதனை வாங்கினர். கருங்கற் சுவர்களும், கொத்தளம்போன்ற கோபுரங்களும், இங்கிலாந்தின் டியூடர் அரசர் காலத்துப் பாணியில் அமைந்த வளைவுகளும் உடைய அக்கோட்டை மாளிகை, வின்ட்சர் அரண்மனையை நினைவூட்டுவதென்று காண்போர் கூறுவது வழக்கம். வாங்கியபின் சில ஆண்டுகள் அதனைப் புதுக்கி விரிவாக்கினர். கல்வித் தொண்டில் நின்ற ஒரு குருவின் இல்லம் இங்ஙனம் அரச குடும்பத்தின் இல்லமாயிற்று.

அதே 1873-ஆம் ஆண்டிலேயே உதகையில் பெர்ன்ஹில் மாளிகையும் வாங்கப்பெற்றது. 1844-இல் காட்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் கட்டியது அது. நீலகிரியில் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்கள் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்புவோரால் கைம்மாறிக்கொண்டே இருந்த காலம் அது. பெர்ன்ஹிலோ அரச குடும்பத்தாரின் கைக்கு வந்து, அவர்தம் கோடை இல்லமாக நிலைத்தது.

ஈண்டு நாம் சற்று நின்று சிந்தித்தல் தகும். பத்து வயதுச் சிறுவர்க்கு ஒரே ஆண்டில் இரு மனைகள் கிட்டின. நாடு மட்டும் கிட்டவில்லை. மனையை ஒரு நாளில் பணங்கொடுத்து வாங்கலாம். நாட்டையோ அங்ஙனம் வாங்கவியலாது. அவர் அதற்குத் தகுதியுடையவரென்று பிறர் ஒப்பும்வரை காத்திருத்தல் வேண்டியிருந்தது.

அவ்விடைக்காலத்தில் மைசூரைப் பெருந்துயர் கவ்வியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மைசூர் மக்களுள் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் மாண்டனர். அஃதாவது ஐவருள் ஒருவர். கோட்டை மாளிகையின் சுவர்கள் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எளியோர் குடிசைகள் எத்தனையோ விளக்கேற்றுவாரின்றிக் கிடந்தன. இளவரசர் அப்போது பதின்மூன்று, பதினான்கு வயதினர். தாம் ஆளப்போகும் நாடு எத்தகையது என்பதை அவர் புத்தகங்களினின்றும் மட்டும் கற்க வேண்டியிருக்கவில்லை.

1878-இல் அவர் கெம்பநஞ்சம்மணி தேவியாரை மணந்தார். 1881 மார்ச் 25-ஆம் நாள், ஐம்பது ஆண்டுகளுக்குப்பின் நாடு மீண்டும் உடையார் கைக்கு வந்தது. அதனோடு எண்பது இலட்சம் ரூபாய் கடனும் வந்தது. பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் ஏற்ற பொறுப்பு அத்தகையது.

அவர்க்கு வாய்த்த திவான்கள் இருவரும் சென்னை இராஜதானியினின்றும் வந்தவர் என்பது நமக்குப் பெருமை. முதல்வர் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ரங்காசாரியார். அவர் அறிவுரையின்படி 1881-ஆம் ஆண்டுத் தசராக் காலத்தில் பிரஜா பிரதிநிதி சபை முதன்முறையாகக் கூடிற்று. 144 உறுப்பினர் வந்து, அரசாங்கத்தின் வரவு செலவுகளையும் எண்ணங்களையும் கேட்டனர். சபைக்குச் சட்டம் இயற்றும் உரிமையில்லை. முதலில் தேர்தலும் இல்லை. ஆயினும் சுதேச சமஸ்தானங்களில் மக்களை அழைத்துக் கணக்குச் சொல்லும் வழக்கத்திற்கு அதுவே தலைப்பிள்ளையாயிற்று. ரங்காசாரியார் 1883-இல் மறையவே, பாலக்காட்டைச் சேர்ந்த சேஷாத்ரி ஐயர் திவானாகிப் பதினெட்டாண்டு பணிபுரிந்தார். இருப்புப்பாதைகள் நீண்டன, கோலாரில் பொற்சுரங்கம் செழித்தது, கடன்பட்டிருந்த கருவூலம் மிச்சங்கண்டது.

மன்னர் செய்தவற்றுள் பெண்மக்கள் பொருட்டுச் செய்தவற்றை நாம் தனியே போற்றக் கடமைப்பட்டுள்ளோம். 1881-இல் மைசூரில் மகாராணியார் பெயரால் பெண்கள் பள்ளி தோன்றிற்று. பின்னர் அது கலாசாலையாக உயர்ந்தது. 1894-இல், எட்டு வயது நிரம்பாத சிறுமியரின் மணத்தையும், பதினான்கு வயது நிரம்பாத பெண்களை ஐம்பது வயது கடந்த முதியோர் மணத்தலையும் விலக்கும் சட்டம் பிறந்தது. இன்று நோக்குவார்க்கு அவ்வெல்லை மிகச் சிறிதெனத் தோன்றும். அக்காலத்தில் அதற்கெழுந்த எதிர்ப்போ சிறிதன்று.

கலைகளிலும் அவர்க்குப் பெருவிருப்பு இருந்தது. தாமே பிடில் வாசித்தார். வீணை சேஷண்ணா முதலியோரை ஆதரித்தார். வாசுதேவாசாரியார் என்னும் இளைஞரை நம் தமிழ்நாட்டுத் திருவையாற்றிற்கு அனுப்பி, பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் சங்கீதம் பயிலச் செய்தார். அவ்விளைஞர் பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய வாக்கேயக்காரரானார். ஓலைச்சுவடிகளைக் காக்கும் கீழ்நாட்டு நூல் நிலையமும் 1891-இல் மைசூரில் நிறுவப்பட்டது. 1892-இல் விவேகானந்த சுவாமிகள் மைசூர்க்கு வந்தபோது, இன்னும் உலகறியாத அத்துறவியை விருந்தினராக ஏற்று உபசரித்தார்.

1894-ஆம் ஆண்டின் இறுதியில் மன்னர் கல்கத்தாவிற்குச் சென்றார். அங்கே தொண்டை அடைப்பான் நோய் அவரைப் பற்றியது. அந்நோய்க்குரிய சீர மருந்தின் பயனை ஐரோப்பிய வைத்தியர் பேரவைக்கு அறிவித்தது அவ்வாண்டுச் செப்டம்பர் மாதத்திலேதான். அம்மருந்தின் காலம் பிறந்துகொண்டிருக்கையில், டிசம்பர் 28-ஆம் நாள், முப்பத்தோராம் வயதில் அவர் உயிர் நீத்தார். கல்கத்தாவிலேயே அவருடல் தகனஞ் செய்யப்பெற்றது. இரு மாளிகைகளுக்கும் ஒரு பேரரண்மனைக்கும் உரியவர், தம் இல்லங்களில் ஒன்றையும் மீளக் காணாது அயலூரில் மறைந்தார்.

அவர்தம் மூத்த மைந்தர் நான்காம் கிருஷ்ணராஜர்க்கு அப்போது வயது பத்து. தந்தைக்கு மனைகள் வாங்கப்பெற்ற அதே வயது. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தந்தையின் இளமையில் நாட்டை அயலார் நடத்தினர். மைந்தரின் இளமையிலோ தாயாரே அரசப் பிரதிநிதியாக இருந்து, 1902-இல் மகன் ஆட்சி ஏற்கும்வரை நாட்டைக் காத்தார். சாமராஜேந்திரர் பதின்மூன்று ஆண்டில் ஈட்டிய நம்பிக்கையே அம்மாறுதலுக்கு ஒரு காரணம் என்பது நம் கருத்து. 1940-இல் கிருஷ்ணராஜர் உயிர் துறந்ததும் தந்தையார்க்காக வாங்கப்பெற்ற அப்பெங்களூர் மாளிகையிலேயே.

பின்னாளில் பெர்ன்ஹில் பயணிகள் தங்கும் ஓட்டலாயிற்று. பெங்களூர் மாளிகையை அரசாங்கத்தின் உடைமையாக்கக் கர்நாடக அரசினர் 1996-இல் சட்டம் இயற்றினர். அதனின்று எழுந்த வழக்கு நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்துவந்துள்ளது. விலைக்கு வந்த மனைகள் மீண்டும் விலையும் வழக்குமாயின. அவர் கூட்டிய சபையும், திறந்த பள்ளியும், பாடக் கற்பித்த பாட்டும் எவரும் விலைபேசும் பொருள்கள் அல்ல. நம் மாணவர் என்றேனும் விடுமுறையில் தெப்பக்காட்டு வழியாக மலையேறி அம்மாளிகையைக் காண நேரின், அதன் அழகோடு, அதனை வாங்கிய ஆண்டில் நாடின்றி நாட்டிற்காகக் கற்றுக்கொண்டிருந்த சிறுவரையும் நினைப்பாராக.