பட்டப் பெயர்களில் ஒளிந்த பல்லவன்

மகாபலிபுரத்துக்குப் போகிறவர்களில் பலர் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள். அங்கே குன்றைக் குடைந்து செய்த ஆதிவராகர் கோயில் ஒன்றும் இருக்கிறது. அதற்குள்ளே இரண்டு அரசர்களின் சிற்பங்கள் எதிரெதிராக உள்ளன. ஓர் அரசன் அமர்ந்திருக்கிறான். மற்றவன் நிற்கிறான். இருவருக்கும் இரண்டிரண்டு தேவியர். நிற்கும் அரசன் தேவியின் கையைப் பற்றி அழைத்துச் செல்கிறான்.

சிற்பங்களுக்கு மேலே பெயர்களும் வெட்டியிருக்கின்றன. அமர்ந்திருப்பவன் சிம்மவிஷ்ணு. நிற்பவன் மகேந்திரன்.

எந்த மகேந்திரன்? குகைக்கோயில்களால் புகழ்பெற்ற முதலாம் மகேந்திரவர்மனின் தந்தை பெயர் சிம்மவிஷ்ணு. ஆகவே அவன்தான் இவன் என்கிறார்கள் ஒரு சாரார். ஆனால் அவனுடைய பேரனுக்கும் மகேந்திரன் என்றுதான் பெயர். பேரன்தான் இவன் என்று வாதாடுவோரும் உண்டு.

பெயர் எழுதியிருந்தும் ஆள் யார் என்று தெரியவில்லை! மகேந்திரவர்மனின் வாழ்க்கை வரலாறு முழுவதிலும் இந்தத் தொல்லை கூடவே வருகிறது.

சொல்லா, பெயரா?

தங்கம் வந்தாள் என்றால் அது ஒரு பெண்ணின் பெயர். தங்கம் விலை ஏறிவிட்டது என்றால் அது நகைக்கடைச் சரக்கு. பேசும்போது நமக்குக் குழப்பம் வருவதில்லை. எழுத்தில் ஐயம் வரும் என்றால் என்று, என்னும் என்ற சொற்களைச் சேர்க்கிறோம். அல்லது சொல்லின் இரு பக்கமும் மேற்கோள் குறி போடுகிறோம்.

கணிப்பொறிக்கு வேலை சொல்லி நிரல் எழுதுகிறவர்களும் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். அந்த நிரல் மொழிகள் சில சொற்களைத் தமக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கின்றன. இஃப், வைல் என்பவை அப்படிப்பட்டவை. அவற்றை எடுத்து வேறொன்றுக்குப் பெயராக வைக்க முடியாது. அந்தச் சொல்லை வெறும் எழுத்தாக மட்டும் கொள்ள வேண்டுமானால் மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். குறி விட்டுப் போனால் இயந்திரம் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும்.

பல்லவர் காலத்துக் கல்லில் மேற்கோள் குறி கிடையாது. ஆனால் அரசனுக்கென்று ஒதுக்கிய சொற்கள் ஏராளம். மகேந்திரவர்மனுக்கு அவை எத்தனையோ! குணபரன் என்றால் நற்குணங்களைச் சுமப்பவன். சத்துருமல்லன் என்றால் பகைவரோடு மல்லாடுபவன். விசித்திரசித்தன் என்றால் விந்தையான உள்ளம் படைத்தவன். சென்னைக்கு அருகே பல்லாவரத்துக் குகையில் இப்படிப்பட்ட பட்டங்களை வரிசையாக வெட்டி வைத்தான். ஓவியர்களில் புலி என்பதும் அவற்றில் ஒன்று. அந்தக் குகை பிற்காலத்தில் முஸ்லிம்களின் வழிபாட்டிடமாக மாறியது. பட்டங்கள் அழியவில்லை.

கோயில்களுக்கும் அவன் தன் பட்டங்களையே வைத்தான். தளவானூரில் சத்துருமல்லேசுவரம். திருச்சி மலையில் லளிதாங்குர பல்லவேசுவரம். மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்ததாக விசித்திரசித்தன் சொல்கிறான். யார் அந்த விசித்திரசித்தன்? அந்தக் கல் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வல்லத்துக் கல்

பூட்டுக்குச் சாவி செங்கற்பட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வல்லம் என்ற சிற்றூரில் ஒரு குன்று. அதில் ஒரு குகைக்கோயில். அரசனுக்கு அடங்கிய வசந்தப்பிரியராசன் என்பவனின் மகன் கந்தசேனன் அதைச் செய்வித்தான். அங்குள்ள கல்வெட்டு தமிழில் இருக்கிறது. பகாப்பிடுகு, லளிதாங்குரன் என்ற பட்டங்கள் அங்கே உள்ளன. அவற்றோடு சத்துருமல்லன், குணபரன், மகேந்திரன் என்று பட்டமும் பெயரும் ஒரே தொடராக வருகின்றன. பட்டங்களுக்கு உரியவன் மகேந்திரன்தான் என்பது இதனால் உறுதியாயிற்று. பெரிய மன்னனின் அடையாளத்தைக் காப்பாற்றித் தந்தவன் ஒரு சிற்றரசனின் மகன். வல்லத்துக்குச் செல்கிறவர்கள் கந்தசேனனையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

சமணனா, சைவனா?

இந்தச் சாவி இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நாவுக்கரசர் கதையைப் பாருங்கள். சமணனாக இருந்த பல்லவ அரசன் அவரைக் கல்லில் கட்டிக் கடலில் போடச் செய்தான், பிறகு மனம் மாறிச் சைவனானான் என்று பெரியபுராணம் கூறுகிறது. திருவதிகையில் அவன் எழுப்பிய கோயிலின் பெயர் குணபரவீச்சரம். குணபரன் என்பது மகேந்திரனின் பட்டம் ஆயிற்றே! அந்த ஒரு சொல்லைப் பிடித்துத்தான் நாவுக்கரசரைத் துன்புறுத்தியவன் மகேந்திரன் என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதின.

திருச்சிக் கல்வெட்டிலும் குணபரன் வருகிறான். அங்கே பாட்டு எழுதிய புலவர் எச்சரிக்கையானவர். குணபரன் என்னும் பெயருடைய அரசன் என்று தெளிவாகவே சொல்லிவிட்டார். ஆனால் அதே பாட்டில் லிங்கம் என்ற சொல்லை இரு பொருளில் ஆண்டார். சிவலிங்கமும் லிங்கம்தான். தர்க்க சாஸ்திரத்தில் ஒன்றை அறிய உதவும் அடையாளமும் லிங்கம்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பிய அறிவு பரவட்டும் என்றும் பாடினார். எதிர்ப்பக்கம் என்பது சமண மதம் என்று எடுத்துக்கொண்டு, அரசன் மதம் மாறியதற்கு இதுவே சான்று என்றார்கள். தர்க்கத்திலும் எதிர்ப்பக்கம் என்று ஒரு சொல் உண்டு. சிலேடையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது இரண்டு பக்கமும் பேசத்தான் செய்யும்.

அரசன் எழுதிய மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகம் 1917-ல் திருவனந்தபுரத்தில் அச்சாயிற்று. காஞ்சி நகரில் ஒரு காபாலிகனின் மண்டையோட்டுக் கிண்ணம் காணாமல் போகிறது. அவன் புத்த பிக்ஷுவைத் திருடன் என்கிறான். பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் பார்த்தால் கிண்ணத்தைக் கவ்விப் போனது ஒரு நாய்! ஒரு பைத்தியக்காரன் கையிலிருந்து அது திரும்புகிறது. மத்தவிலாசம் என்றால் போதைக் களியாட்டம். அது நாடகத்தின் பெயர். அரசனின் பட்டமும் அதுவே. தன் மற்றப் பட்டங்களையும் வசனத்தில் ஆங்காங்கே சாதாரணச் சொல்போல நுழைத்து விட்டிருக்கிறான். சபையில் இருந்தவர்கள் புரிந்துகொண்டு சிரித்திருப்பார்கள்.

பெயர் சொல்லாத பகைவர்

அவன் வாழ்வில் சிரிக்க முடியாத பகுதி போர். சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்ததாக 634-ஆம் ஆண்டு அய்கொளெக் கல்வெட்டு பெருமை பேசுகிறது. மகேந்திரன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கின்றன பல்லவரின் காசாக்குடிச் செப்பேடுகள். அந்தப் பகைவர் யார் என்று அவை பெயர் சொல்லவில்லை. சாளுக்கியர்தாமா, வேறு யாருமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

630-ஆம் ஆண்டு வாக்கில் மகேந்திரன் மறைந்தான். மகன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பட்டம். மாமல்லபுரம் என்ற ஊர்ப் பெயரே அந்தப் பட்டம்தான். ஆனால் அவனுடைய கொள்ளுப்பேரன் ராஜசிம்மனுக்கும் நரசிம்மன் என்று பெயர் உண்டு. தர்மராஜ ரதத்தில் நரசிம்மன் என்றும் அத்தியந்தகாமன் என்றும் வெட்டியிருக்கிறது. ரதத்தை யார் செய்தார்கள் என்ற சண்டை அதனால்தான். மாமல்லபுரத்துக் கலை முழுவதும் ராஜசிம்மன் காலத்தது என்று 1962-ல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி எழுதினார். பலர் ஒப்பவில்லை.

தந்தைக்காகப் பழி வாங்கிய மாமல்லன் 642-ஆம் ஆண்டு வாக்கில் வாதாபியைப் பிடித்தான். அங்கேயே ஒரு பாறையில் எழுத்து வெட்டினான். அது இப்போது சிதைந்து கிடக்கிறது. எஞ்சிய எழுத்துக்களில் மகாமல்லன் என்ற பட்டம் இருக்கிறது.