பூக்களை எண்ணிய புலவர்

சங்கச் சான்றோருள் கபிலரை அறியாத தமிழ் மாணவர் இலர். குறிஞ்சிக்குக் கபிலர் என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறாதவரும் நம்மிடையே குறைவே. ஆயினும், தாவரவியல் மாணவர்களுடன் கொல்லிமலைக்கு ஒருமுறை சென்று வந்த பின்னரே அப்புலவரை நான் உண்மையில் படிக்கத் தொடங்கினேன். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, தலை சுற்றி இறங்கிய எங்களை வரவேற்றது வேலியோரம் தழல்போலப் படர்ந்திருந்த செங்காந்தள். தாவரவியலார் குளோரியோசா சூப்பர்பா என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். எனக்கோ கபிலரின் குறுந்தொகைப் பாட்டு நினைவுக்கு வந்தது.

கபிலர் பாண்டி நாட்டுத் திருவாதவூரில் பிறந்தவர் என்பது வழிவழி வரும் செய்தி. அந்தணர் என்பதை அவர் பாடல்களே கூறுகின்றன. நமக்குக் கிடைத்துள்ள அவர் பாடல்கள் 200-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை மலையையும் மலைவாழ் மக்களையும் பற்றியவை. மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துப் பாடியவர் அல்லர் அவர். ஏறி நடந்து கண்டவர். அதற்குச் சான்று மேலே குறித்த குறுந்தொகையின் 100-ஆம் பாட்டு.

அப்பாட்டில் வருவது வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. அருவி பாயும் சரிவிலே மலைநெல் விதைத்திருக்கிறார்கள். பயிருக்கிடையே குளவி என்னும் காட்டு மல்லிகையும் பசிய மரலும் மண்டுகின்றன. அவற்றைக் களைந்து எறிகிறார்கள். சுற்றிலும் காந்தள் பூத்திருக்கிறது. ஆனால் ஊரில் பசி. யானைக் கொம்பை விற்று உண்கிறார்கள். தலைவியின் அழகுக்குக் கொல்லிப்பாவையை உவமை சொல்ல வந்த இடத்தில் இத்தனையும் கூறுகிறார் புலவர். மணமுள்ள மல்லிகையும் உழவனுக்குக் களைதான் என்பதை மறைக்காமல் சொல்ல எத்தனை கவிஞருக்கு மனம் வரும்? அன்று களைந்தெறிந்த மரலின் ஆப்பிரிக்க உறவினத்தைத்தான் இன்று நகரத்து வீடுகளில் தொட்டியில் வைத்து அழகு பார்க்கிறோம். காந்தளின் கதையும் அத்தகையதே. அது தமிழகத்தின் மாநில மலராயிற்று. கரூர், திண்டுக்கல் பகுதிகளில் கம்பிப் பந்தலிட்டு விதைக்காகப் பயிரிடப்படுகிறது. விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாத மருந்தாகிறது. உழவர்கள் அதனைக் கண்வலிக்கிழங்கு என்பர்.

மலர்களைப் பொறுத்தவரை கபிலரின் பெரும்படைப்பு குறிஞ்சிப்பாட்டு. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழரின் காதல் நெறியை அறிவுறுத்த அதனைப் பாடினார் என்பர். அடிகள் 261. தினைப்புனம் காக்கச் சென்ற தலைவியும் தோழியும் கிளி ஓட்டுகிறார்கள், அருவியில் ஆடுகிறார்கள், பின்னர் மலைச்சாரலில் கண்ட பூக்களையெல்லாம் பறித்துப் பாறையிலே குவிக்கிறார்கள். அங்கே 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார் புலவர். காந்தள், வேங்கை, குறிஞ்சி, கொன்றை, ஆம்பல், தும்பை என நாமறிந்தவை சில. எச்செடி என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுபவை பல. இவை எவரும் நட்டு வளர்த்தவை அல்ல. தினைக்கொல்லையைச் சூழ்ந்து தாமே முளைத்தவை.

இதில் ஒன்று கருதத்தக்கது. தினைப்புனம் இல்லையேல் அப்பெண்கள் மலைக்கு வந்திரார், பூக்குவியலும் இராது. கொல்லிமலையிலோ தினையும் சாமையும் விளைந்த நிலங்களில் பெரும்பகுதி மரவள்ளிக்குச் சென்றுவிட்டது. காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொழுகொம்பாகவும் நிற்பது சில்வர் ஓக். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அந்நாட்டுக் காடுகளில் புகழ்பெற்ற பேங்சியா மலரின் குடும்பத்தைச் சேர்ந்தது. பொன்னிறத்தில் அழகாகத்தான் பூக்கிறது, குறை சொல்வதற்கில்லை. கபிலர் கண்டிருந்தால் 100-ஆவதாக அதையும் சேர்த்திருப்பாரோ என்று எங்கள் தாவரவியல் பேராசிரியர் கேட்டார். தினையை எங்கே காணோம் என்றுதான் முதலில் கேட்டிருப்பார் என்றேன் நான்.

அந்த 99 மலர்களும் நமக்கு முழுமையாகக் கிடைத்ததே பெரும்பேறு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முற்பட்டபோது, அவரிடமிருந்த ஏடுகளில் மலர்ப்பெயர்கள் சில உதிர்ந்து போயிருந்தன. பொருளுக்கு இடையூறில்லை என்று அப்படியே அச்சிட்டிருக்கலாம். அவர் அதற்கு இசையவில்லை. தேடி அலைந்து தருமபுர ஆதீனத்து ஏடுகளில் விடுபட்ட மலர்களைக் கண்டெடுத்தார். நூல் 1889-இல் வெளிவந்தது. நம்மைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியின் ஆசிரியர் செய்த பணி இது என்பதில் நமக்கு உரிமையான ஒரு பெருமிதம் உண்டு.

கபிலர் வாழ்வின் நடுவிடம் பாரி. முல்லைக்கொடி பற்றிப் படரத் தன் தேரை நிறுத்திச் சென்றவன் அவ்வள்ளல். இருவரும் அரசனும் புலவனுமாக அன்றி நண்பராகவே வாழ்ந்தனர். மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் உள்ளேயே இருந்தார்; பறவைகளைப் பழக்கி வெளியிலிருந்து நெற்கதிர் கொணரச் செய்தார் என்று பிற புலவர் பாடியுள்ளனர். மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவை உழாமலே கிடைக்கும் மலை அது என்று பகைவரிடமே எடுத்துரைத்தார். ஆனால் பாரி மாண்டான். அவன் மகளிரை அழைத்துக்கொண்டு மலையிறங்கினார் கபிலர். பகையரசரின் குதிரைகளை எண்ணிய அப்பெண்கள், சுரையும் பீர்க்கும் படர்ந்த சிறு குடிலருகே குப்பைமேட்டில் ஏறி உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணுவதைக் கண்டு அவர் பாடிய பாட்டைப் படித்துக் கண் கலங்காதார் இரார். விச்சிக்கோனிடம் மணம் பேசினார், இருங்கோவேளிடம் பேசினார். இருவரும் மறுத்தனர்.

இங்கே எனக்கு உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. ஓரியின் கொல்லியைப் பாடிய கபிலர், ஓரியைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரியையும் பாடினார். காரி கொல்லியைக் கைப்பற்றிச் சேரனுக்கு அளித்தான். ஓரியின் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தை நற்றிணைப் பாட்டொன்றில் கபிலரே உவமையாக்குகிறார். பரிசில் வாழ்க்கையின் இயல்பு என்று ஆசிரியர்கள் அமைதி கூறுவர். எனக்கு அது முழுதும் நிறைவு தரவில்லை. எனினும், அவர் காரியை வெறுமனே புகழ்ந்தவரும் அல்லர். எல்லாப் புலவரையும் ஒரு தட்டில் வைக்காதே, தகுதி அறிந்து கொடு என்று அவனுக்கே இடித்துரைத்தார். சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் சென்றபோதும், பாரி இறந்தான், ஆகவே உன்னிடம் இரக்க வந்தேன் என்று தாழவில்லை. அச்சேரன் நூறாயிரம் காசும், நன்றா என்னும் குன்றேறிக் கண்ட நாடும் பரிசளித்தான் என்கிறது பதிற்றுப்பத்தின் பதிகம். அந்நாட்டைப் பெற்றவர் அரசராக வாழவில்லை.

பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்து வடக்கிருந்தார் என்கிறது புறநானூற்றுக் குறிப்பு. பாரியின் மகளை மலையனுக்கு அளித்துவிட்டுத் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு. இரண்டும் ஒன்றில் உடன்படுகின்றன. மகளிருக்கு வழி செய்யும்வரை அவர் உயிர் தாங்கியிருந்தார். அதற்குப்பின் இருக்க விரும்பவில்லை. திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே கபிலர் குன்று என்று மக்கள் காட்டும் பாறை நிற்கிறது.